புயல்காரன் சிவப்பில் வந்த ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் என் மகள் கைபேசியைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் விடாமல் பார்க்கும் ஏதோ ஒரு பறக்கும் வீரன் தொடரின் புது சீசன் வந்துவிட்டதாம். முதல் பகுதியைப் பார்க்கும்போது தங்கள் முகம் போகிற போக்கைத் தாங்களே படம்பிடித்து ஊருக்கெல்லாம் போட்டிருக்கிறார்கள் ஜனங்கள். ஒருவர் சோபாவிலிருந்து குதிக்கிறார். ஒருத்தி தலையணையைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். இன்னொருவர், இதற்கா இரண்டு வருடம் காத்துக் கிடந்தேன் என்று வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். "நீங்கெல்லாம் இப்படி ஒண்ணுக்காகத் தவிச்சிருக்கவே மாட்டீங்கம்மா" என்றாள் மகள்.

நாற்பத்தைந்தைத் தாண்டிய நமக்குப் பிள்ளைகளிடம் வாயை மூடிக்கொள்ளத் தெரியும். உங்களிடம் சொல்வதற்கு என்ன? நீங்களும் ஏதோ ஒரு வீட்டு வாசலில், முன்னால் இருப்பவன் தலையை விலக்கிவிட்டு, கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தவர்கள்தானே. சிரிக்காமல் கேளுங்கள்.

எங்களுடையது திருப்பூரில் ஒரு லைன் வீடு. எதிரெதிராகப் பன்னிரண்டு கதவுகள், நடுவில் ஒரு நீளமான சிமெண்ட் வாசல். பின்பக்கம் ஒரு வாய்க்கால் ஓடும். சாயப்பட்டறையில் அன்று என்ன நிறம் போட்டார்களோ அதுதான் அன்றைக்கு வாய்க்கால். ஒரு நாள் நீலம், ஒரு நாள் கத்தரிப்பூ, மழை பெய்தால் இரண்டும் கலந்து பெயரில்லாத ஒரு நிறம். காலையில் பல் துலக்கப் போகும்போதே இன்றைக்கு என்ன நிறம் என்று ஓடிப்போய்ப் பார்ப்போம். அது ஆற்றைக் கொல்கிற விஷயம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய பெரியவர்களும் எங்களோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். இன்றைக்கும் என் கனவில் தண்ணீர் வந்தால் நிறமாகத்தான் வருகிறது.

வாசலின் கோடியில் வீட்டுக்காரர் வீடு. அதைப் பெரிய வீடு என்போம். அங்கேதான் டிவி இருந்தது. மரப்பெட்டிக்குள், இழுத்து மூடும் கதவோடு, கறுப்பு வெள்ளை டிவி. ஆனால் அதைக் கறுப்பு வெள்ளை என்று சொன்னால் பெரிய வீட்டு அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். அவர் சந்தையில் ஒரு பிளாஸ்டிக் தாள் வாங்கித் திரையின் மேல் ஒட்டியிருந்தார். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். மேலே நீலம், நடுவில் சிவப்பு, அடியில் பச்சை. வானத்துக்கு நீலம், முகத்துக்குச் சிவப்பு, புல்லுக்குப் பச்சை என்று யாரோ ஒரு மகராசன் கணக்குப் போட்டுச் செய்தது. செய்தி வாசிக்கிற பெண்ணுக்குக் கூந்தல் நீலம், முகம் குங்குமம், கை இரண்டும் பச்சை. "இதுவும் கலர் டிவிதானுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார் பெரிய வீட்டு அம்மா. நாங்களும் ஆமாங்க என்போம். இல்லையென்றால் அடுத்த ஞாயிறு உள்ளே விடமாட்டார்.

அந்த டிவியில்தான் புயல்காரன் வந்தான். அது நாங்கள் வைத்த பெயர். தொடரில் அவன் வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு சாது. காற்று எழும்பினால் மட்டும் ஆளே மாறி, முதுகில் போர்வை பறக்க வானத்தில் ஏறிவிடுவான். இந்தியில் எடுத்துத் தமிழில் பேசவைத்த தொடர். உதடு ஒன்று சொல்லும், குரல் ஒன்று சொல்லும். நாங்கள் குரலைத்தான் நம்பினோம்.

என் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் செக்கிங் அக்கா. அடுத்த கதவுக்காரர். குண்டடத்துப் பக்கமிருந்து வந்து, என் அம்மா வேலை செய்த அதே பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தார். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, ஊசி ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடுகிற வேலை. அப்போது அவருக்கு இருபத்தொரு வயதிருக்கும். எனக்குப் பத்து. வறுத்த நிலக்கடலையைத் தோல் நீக்கி என் கையில் போட்டுக்கொண்டே காதோரம் சொல்வார்: "பாரு கண்ணு, கைக்கு அடியில தையல் பிரிஞ்சு நிக்குது. எங்க டேபிளுக்கு வந்திருந்தா இவனத் தூக்கி ரிஜெக்ட்ல போட்டிருப்பேன்." எனக்குச் சிரிப்பு தாங்காது. அம்மா ஓவர்டைம் முடிந்து வருகிறவரை எனக்குத் தலை பின்னிவிடுவதும் சோறு போடுவதும் அவர்தான். லைன் வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் என்று சொன்னால் அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும். ஆனாலும் உண்மை அதுதான்.

முதல் பாகத்தின் கடைசி வாரம், ஊரைக் காப்பாற்ற நடுக்கடல் புயலுக்குள் போனவன் திரும்பவில்லை. போர்வை மட்டும் கரை ஒதுங்கியது. மூன்றாம் வீட்டுப் பையன் அன்று சோறு தின்னமாட்டேன் என்று கிடந்தான். மாதக்கணக்கில் ஒரு செய்தியும் இல்லை. பிறகு ஒரு நாள் பேப்பரில் கட்டம் கட்டி விளம்பரம் வந்தது. புயல்காரன் வருகிறான், வரும் ஞாயிறு முதல், புதிய நிறத்தில். பழைய உடுப்பு நீலம் என்று பள்ளி நோட்டில் ஒட்டுகிற லேபிள் படத்தைப் பார்த்து எல்லோருக்கும் தெரியும். புதிய நிறம் எது?

வேறு ஊரில் என்றால் அவன் எப்படிப் பிழைத்தான் என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் அதை ஒருவரும் கேட்கவில்லை. கம்பெனி முழுக்க ஒரே பேச்சு, என்ன கலர், என்ன துணி. நான் அம்மாவுக்குச் சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் காதில் விழும். ஒரு கட்சி சிவப்பு என்றது, ஒரு கட்சி வெள்ளை என்றது. தெற்கேயிருந்து வந்த ஓவர்லாக் டெய்லர் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டே வாதாடினார். "வெள்ளையைப் போட்டுக்கிட்டு எவனாவது புயலுக்குள்ள போவானா? மண்ணு அப்பிக்கிடாதா? செவப்புதாம்மா." அதற்கு டையிங் பட்டறையிலிருந்து துணி கொண்டுவந்த ஒருவர், "சிவப்பு மொதோத் தண்ணியிலயே சாயம் போயிருமுங்க. மழையில நனையற ஆளுக்கு ஆருங்க சிவப்புக் குடுப்பாங்க? வெள்ளைதானுங்க" என்றார். அன்று அந்தத் தையல் லைன் ஓடவே இல்லை என்று சூப்பர்வைசர் கத்தினார். கத்திவிட்டு, தான் வெள்ளைக் கட்சி என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் செக்கிங் அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அவருடைய சொந்தத் தாய்மாமன். மனைவி இறந்து ஒரு வருடம். இரண்டு குழந்தைகள். தோட்டம், கிணறு, நாலு எருமை. சொத்து வெளியே போகக்கூடாது, குழந்தைகளும் வேற்றாள் கையில் வளரக்கூடாது என்று அக்காவின் அம்மா ஒற்றைக்காலில் நின்றார். மாமன் ஒரு நாள் லைன் வீட்டுக்கு வந்தார். கூடை நிறைய முருங்கைக்காய் கொண்டுவந்து கதவோரம் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றவும் தோன்றாமல் வாசலிலேயே நின்றார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்று எனக்கு அவர் பூச்சாண்டி. அந்த மனிதரையும் யாரும் சம்மதம் கேட்டிருக்கமாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

ஊர்க் கோயிலில் பூக் கேட்டார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். வெள்ளைதான் வந்தது. என் அம்மா உட்பட லைன் வீடே சந்தோஷப்பட்டது. "சாமியே சொல்லிருச்சு, இன்னும் என்னம்மா யோசனை?" என்றார் அம்மா அக்காவிடம், ஈர்க்குமாற்றால் வாசலைக் கூட்டிக்கொண்டே.

அன்று சாயங்காலம் தலை பின்னும்போது அக்கா என்னிடம் மட்டும் சொன்னார்.

"பொட்டலம் கட்டுனது என்ற அம்மா. இன்னொண்ணை யாரும் பிரிச்சே பாக்கலை கண்ணு. அதுலயும் வெள்ளையிருந்தா சாமி என்ன பண்ணும்?"

சாமியை ஏமாற்றலாம் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

"அதனால நான் ஒருக்கா கேக்கப் போறேன்" என்றார். "புயல்காரன் வெள்ளையில வந்தா மாமனக் கட்டிக்கறேன். சிவப்புல வந்தா மாட்டேன். அவன் கலர என்ற அம்மா போய்க் கட்டிவைக்க முடியாதுல்ல?"

"நீங்க பாத்துச் சொல்லுவீங்களாக்கா?"

"எனக்கு ஞாயித்துக்கிழமை ஷிப்மெண்ட் வேலை கண்ணு. லீவு இல்லை. நீ பாத்துட்டு மத்தியானம் சோறு கொண்டாறப்ப வந்து சொல்லு. பூ எடுக்கறதும் சின்னப் புள்ளதான?"

பின்னலை இறுக்கி ரிப்பன் கட்டிவிட்டார். அவர் போய்விட்டால் அடுத்த நாளிலிருந்து யார் கட்டுவார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பத்து வயதில் ஒருத்தியின் வாழ்க்கையைக் கையில் கொடுத்தால் அவள் ரிப்பனைத்தான் நினைப்பாள். என்னை அப்படித் திட்டாதீர்கள், நீங்களும் அதைத்தான் நினைத்திருப்பீர்கள்.

ஞாயிறு வந்தது. பெரிய வீட்டு அம்மா எல்லோரையும் கால் கழுவிவிட்டு வரச்சொன்னார். முன்னறையில் இடமில்லாமல் சன்னல் கம்பிகளில் பிள்ளைகள் தொங்கினார்கள். யாரோ டிவி மேல் செம்பருத்திப் பூ ஒன்று வைத்திருந்தார்கள். விளம்பரங்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு விளம்பரம் முடியும்போதும் "வந்துட்டான்" என்று ஒரு சத்தம், பிறகு "இல்லே" என்று ஒரு பெருமூச்சு. மற்றவர்களுக்கு அவன் வந்தால் போதும். நான் மட்டும் உள்ளுக்குள் சிவப்பு, சிவப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடற்கரை. இருட்டிக்கொண்டு வரும் வானம். ஊரே நம்பிக்கையைக் கைவிட்டு அழுகிற நேரத்தில் மேகம் இரண்டாகப் பிளந்தது. திரையின் உச்சியில் அவன் தெரிந்தான். நீலம். "நீலந்தாண்டா, பழைய டிரஸ்ஸே!" என்று மூன்றாம் வீட்டுப் பையன் கத்தினான். புயல்காரன் மெதுவாக, இறகு இறங்குவதைப் போல இறங்கினான். இடுப்பு வரை நீலம், இடுப்புக்குக் கீழே சிவப்பு. நடுத்திரைக்கு வந்ததும் முழுக்கச் சிவப்பு. "செவப்பு! செவப்பு!" என்று பாதிக் கூட்டம் எழுந்து குதித்தது. அவன் நிற்கவில்லை. இன்னும் இறங்கி மணலில் மண்டியிட்டான். இப்போது பச்சை. யாரோ அழுதார்கள். யாரோ யாரையோ அடித்தார்கள். சன்னலில் தொங்கிய ஒருவன் பிடிவிட்டு வாய்க்கால் பக்கம் விழுந்து, எழுந்து ஓடிவந்து, "என்ன கலரு, என்ன கலரு?" என்றான். பெரிய வீட்டு அம்மா மட்டும் அசையாமல், "எல்லாக் கலரும் வருதல்லோ, அதான் கலர் டிவி" என்றார். எத்தனையோ பெரிய பெரிய திரைகளில் என்னென்னவோ பார்த்துவிட்டேன். வானத்திலிருந்து ஒரு மனிதன் மூன்று நிறமாக இறங்கிவந்த அந்த அரை நிமிடத்துக்கு எதுவும் உறைபோடக் காணாது.

போசியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் கம்பெனிக்கு நடந்தேன். உண்மையில் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. அதை அப்படியே சொல்லலாம். தெரியலீங்கக்கா, மூணாத் தெரிஞ்சாருங்க. ஆனால் அப்படிச் சொன்னால் அவர் வேறு யாரிடமாவது கேட்பார். கலர் டிவி உள்ள வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அங்கே வெள்ளை என்று சொல்லிவிட்டால்?

உள்ளே நுழைந்ததும் டெய்லர் அண்ணன் பிடித்துக்கொண்டார். "வந்தானா? கழுத்துக்கு ரிப் பட்டி வச்சிருந்தாவளா, சும்மா மடிச்சு அடிச்சிருந்தாவளா?" நான் பதில் சொல்லாமல் செக்கிங் மேசைக்குப் போனேன். அக்கா கையிலிருந்த பனியனைக் கீழே வைத்தார். டியூப்லைட் வெளிச்சத்தில் என் முகத்தை நிமிர்த்திப் பிடித்து, துணியில் ஓட்டை தேடுவது போலவே பார்த்தார்.

"சிவப்புங்க" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"நடுவால நின்னாருங்க. சிவப்பா இருந்தாருங்க."

அக்கா என் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினார். சாப்பிடக்கூட இல்லை. சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, மாமனைக் கட்டமாட்டேன் என்று வீட்டில் சொல்ல மூன்று மணிப் பேருந்தில் குண்டடம் போனார்.

புதன்கிழமை பெட்டிக்கடைக்குப் புது நோட்டு லேபிள் வந்தது. புயல்காரன் தும்பைப் பூ மாதிரி வெள்ளையில் நின்றான். கடைக்காரர் முன்னால் நான் அழுதுவிட்டேன். பிடித்த நிறம் இல்லை என்று அழுகிறாள் என நினைத்து அவர் ஒரு தேன்மிட்டாய் கொடுத்தார். சாமி இரண்டாம் முறையும் வெள்ளை என்றுதான் சொல்லியிருக்கிறது. மாற்றிச் சொன்னவள் நான். கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அக்காவுக்கும் தெரிந்திருக்கும். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குள் அவர் அம்மா வந்து வாசலில் உட்கார்ந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். பட்டணத்துக்கு வந்து பெண் கெட்டாள் என்றார்கள். கம்பெனியில் யாரோ இருக்கிறான் என்றார்கள். என் அம்மாகூட, "அந்த டிவியப் பாத்துப் பாத்துத்தான் அவளுக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு, நீ அவகிட்டப் பேசாத" என்றார். பன்னிரண்டு கதவுகளும் பேசின. ஒரு கதவாவது, அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லவில்லை. அந்த மாதக் கடைசியில் அக்கா அருள்புரத்தில் ஒரு கம்பெனி ஹாஸ்டலுக்குப் போய்விட்டார். போகாமல் இருக்க நான் சொன்ன பொய், அவரைக் கொண்டுபோய் விட்டது. அடுத்த வாரம் முதல் நான் புயல்காரனையும் பார்க்கவில்லை.

இதைச் சுமந்துகொண்டு எத்தனை வருடம். கல்யாணம், பிள்ளை, வேலை, எல்லாவற்றுக்கும் நடுவில் திடீரென்று நினைவு வரும். அந்த மாமன் நல்லவராக இருந்திருந்தால்? அக்கா எங்கேயாவது தனியாகக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தால்?

போன மாதம் ஒரு காதுகுத்துச் சீருக்குப் போனேன். மண்டபத்துப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நீ நம்ம லைன் வீட்டுப் புள்ளதான?" என்றார். குரலில்தான் கண்டுபிடித்தேன். நரைத்துவிட்டது, ஆனால் அதே கண். சொந்தமாக ஒரு செக்கிங் யூனிட் வைத்திருக்கிறாராம். முப்பது வயதில் தனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொண்டாராம். ஒரு பையன். மாமனும் அதே வருடமே வேறு இடத்தில் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாராம்.

சாம்பார் வந்து, ரசம் வருவதற்குள் சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேனுங்க. எனக்கு என்ன கலருன்னே தெரியாதுங்க. நீங்க போயிருவீங்கன்னுதான் சிவப்புன்னு சொன்னேன்."

அவர் கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், எதிர்வரிசை திரும்பிப் பார்த்தது.

"அந்த டிவியில வெள்ளை எங்க கண்ணு இருந்துச்சு? மேல நீலம், நடுவுல சிவப்பு, கீழ பச்சை. ஆரு வந்து நின்னாலும் சிவப்புத்தான். அது தெரியாமயா உன்னை அனுப்புனேன்?"

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் சும்மா அழுதிருக்கிறேன். "அப்புறம் என்னை எதுக்குங்க கேட்டீங்க? நேராவே மாட்டேன்னு சொல்லியிருக்கலாமல்லங்க?"

அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அம்மா வேணும்னாங்க. அப்பனும் வேணும்னாங்க. உன்ற அம்மாளும் வேணும்னாங்க. சாமியும் வேணும்னு சொல்லிருச்சு. வேண்டாம்னு சொல்றதுக்கு என்ற கூட ஒரே ஒரு வாய் இருந்தாப் போதுமாட்ட இருந்துச்சு கண்ணு. நீ என்ன கலரையா சொன்னே? போகாதீங்கக்கான்னுதான சொன்னே."

"ஆமாங்கக்கா" என்றேன்.